அள்ளுறதும் ஊத்துறதும்

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் பஸ்ஸில் நாங்கள் ஐந்து பேரும் குறைந்தது மூன்று நான்கு தரமாவது போயிருப்போம். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு, நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க, அல்லது சும்மா படகேறி உப்புக் காத்து வாங்க. பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் அந்த நீளப் பாலம். அதைக் கடந்து புங்குடுதீவுக்குள் ஏறினால் கொண்டக்டர் "மடத்துவெளி இறக்கம்" என்று கத்துவார். ஆரோ இரண்டு பேர் பையளோட இறங்குவினம். நாங்கள் இறங்கினதில்லை. இறங்கிப் பார்க்க அங்கே எங்களுக்கு ஆக்கள் இல்லை, தேவையும் இருக்கவில்லை.

இந்த ஆவணியில்தான் முதன்முதலாக இறங்கினோம். அதுவும் தனியாக இல்லை. ஆறு வெளிநாட்டுப் பிள்ளைகளின் மொழிபெயர்ப்பாளர்களாக.

அவர்கள் ஒரு செமஸ்ரருக்குப் பரிமாற்ற மாணவர்களாக வந்தவர்கள். போலந்து, நெதர்லாந்து, ஜேர்மனி, ஜப்பான் என்று பல இடம். படிப்போடு சேர்த்து, தங்கியிருக்கும் ஊருக்கு இரண்டு கிழமை தொண்டு செய்யவேண்டும் என்பது அவர்களின் திட்டத்தில் இருந்தது. எங்களுக்கு விடுமுறை, ஓரளவுக்கு இங்கிலிஷ் வரும், கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு வேறு என்ன வேலை. கொக்குவில், மானிப்பாய், சாவகச்சேரி, கிளிநொச்சி எண்டு ஆளுக்கொரு திசையிலிருந்து சேர்ந்தோம். வீட்டில் சொன்னபோது ஒரு அம்மா, "தீவுக்கோ? தண்ணி கவனம்" எண்டா. இன்னொரு வீட்டில் 'தீவார்' என்ற சொல் ஒரு சின்னச் சிரிப்போடு வந்தது. குடாநாட்டு ஆக்களிடம் அந்தச் சிரிப்பு எப்போதும் இருக்கு. கலியாணப் பேச்சு வந்தால் அது சிரிப்பாகவும் இருப்பதில்லை.

முதல் வேலை ஒரு முன்பள்ளிச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பது. போய்ப் பார்த்தால் சுவர் நல்லாத்தான் இருந்தது. மஞ்சள், நீலம், ஒரு யானை, ஒரு வானவில். ரீச்சர் எங்களைத் தள்ளிக் கூப்பிட்டுச் சொன்னார்: "போன வருசமும் ஒரு குழு வந்து அடிச்சது. அதுக்கு முதல் வருசமும் அடிச்சது. அடிக்கட்டும் பிள்ளையள், சுவர் தடிச்சாலும் பரவாயில்லை." அந்தப் பக்கம் தூரிகையோடு நின்ற ஆறு பேரும் எங்களைப் பார்த்தார்கள். "ரீச்சருக்கு நல்ல சந்தோசமாம்" என்று மொழிபெயர்த்தோம்.

பொய் என்று சொல்ல முடியாது. அவர் சிரிச்ச முகத்தோடுதான் நின்றார். ஆனால் மொழிபெயர்ப்பு எவ்வளவு வசதியான வேலை என்று எங்களுக்கு விளங்கினது அந்த இடத்தில்தான். இரண்டு பக்கமும் உன்னை நம்பிக்கொண்டு நிற்கும். நீ நடுவில நிண்டு, ஆருக்கு எது நல்லம் எண்டு தீர்மானிக்கலாம்.

மூன்று நாளில் யானைக்குப் பக்கத்தில் ஒரு டொல்பின் வந்தது. இங்கிலிஷ் வகுப்பு கிளித்தட்டில் முடிந்தது. ஜேர்மன் பொடியனுக்குச் சின்னப் பிள்ளைகள் விதிகளைச் சொல்லிக் குடுத்து, ஒவ்வொரு முறையும் அவனைத் தோற்கடிச்சு, பிறகு ஆறுதலும் சொல்லினம்.

பின்னேரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நிறையக் கதைப்போம். போலந்துப் பிள்ளைக்கு இந்தத் தொண்டு வேலை புதிதில்லை. ஐரோப்பாவில் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றம் 1987இல் தொடங்கியது. அப்படிப் போய்வந்த மாணவர்கள் 1989இல் தங்களுக்கென்று ஒரு வலையமைப்பை அமைச்சுக்கொண்டார்கள். அந்த வலையமைப்புக்குள் அவளுடைய நாட்டில் முளைத்ததுதான் 'சோஷல் எராஸ்மஸ்'. வேறு நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தங்கள் நாட்டைப் பற்றிக் கதைப்பது, முதியோரைப் பார்ப்பது, கடற்கரை துப்புரவாக்குவது. அவள் அதில் ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். "அங்கே நான் உதவி செய்யப் போகவில்லை. பரிமாற்ற மாணவர்கள் தங்களுக்குள்ளேயே கூடிக் குடிச்சுக்கொண்டு இருக்காமல் ஊரைப் பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினார்கள். இங்கே வந்தால் அதே வேலைக்கு 'உதவி' என்று பெயர்" என்றாள். நாங்கள் தலையாட்டினோம். நெதர்லாந்துப் பொடியனுக்கு வேறு விசயத்தில் அதிர்ச்சி: 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நகரங்களின் பெயரை வைத்ததும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்று பெயர் போட்டதும் அவனுக்குத் தெரியாது. நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் மட்டும்தான் ஒட்டிக்கொண்டது. மற்றப் பெயர்களைச் சனம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

எங்களுக்கும் காட்ட ஒரு சரக்கு இருந்தது. இவான் இலிச். வியன்னாவில் பிறந்து மெக்சிக்கோவில் வேலை செய்த பாதிரியார். 1968 ஏப்ரலில், மெக்சிக்கோக் கிராமங்களுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களை முன்னால் இருத்திவைத்தே, உங்கட நல்லெண்ணம் எங்களுக்கு வேண்டாம், பார்க்க வாங்கோ, படிக்க வாங்கோ, உதவ மட்டும் வராதேங்கோ என்ற கருத்தில் பேசியவர். எங்கட வகுப்பில் இந்த உரையைப் பந்தி பந்தியாக விவாதிச்சிருக்கிறோம். அதை அந்த ஆறு பேருக்கும் நாங்கள் சொன்ன விதத்தில் ஒரு சின்னச் சந்தோசமும் கலந்திருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர்கள் கோவிக்கவில்லை. அடுத்த நாள் காலமை, "சுவர் போதும். என்ன தேவை எண்டு ஊர் ஆக்களையே கேட்போம்" என்றார்கள்.

கேட்டோம். கோயிலடி மர நிழலில் இருந்த ஒரு ஐயா கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "தண்ணி" என்றார்.

தீவுப்பகுதியில் தண்ணீரைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேண்டும். இங்கே ஆறு இல்லை, குளத்து நீர் கோடையில் வற்றிவிடும். மாரியில் விழும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழேயிருக்கும் கனத்த கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கும். அதுதான் நன்னீர். அந்தப் படை தடிப்பாக இருக்கும் இடத்தில் தோண்டின கிணறு நல்ல கிணறு, மற்றதெல்லாம் உவர். குளிக்கலாம், குடிக்க ஏலாது. ஆகவே எல்லாரும் பவுசர் வரும் வரைக்கும் வாளியும் கானுமாக ஒழுங்கை வாசலில் காத்திருப்பார்கள். ஆனால் ஒரு வளவில் நல்ல கிணறு ஒன்று சும்மா கிடக்கு, முந்தி முழு ஒழுங்கையும் அந்தத் தண்ணிதான், குப்பை விழுந்து பாழாப் போச்சு, அதை இறைச்சுத் தந்தியள் எண்டால் புண்ணியம், என்றார் ஐயா.

அந்த வளவுக்குள் போக முதல் நாயுண்ணிப் பற்றை வெட்டவே அரை நாள் போனது. வீட்டுக்குக் கூரை இல்லை. சுவருக்குள்ளால் ஆல் முளைச்சிருந்தது. 1991இல் ஆமி தீவுக்குள் வந்தபோது ஒரேயடியாக வெறுமையான ஊர் இது. அப்போது போனவர்களில் பாதிப்பேர் ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், லண்டன் என்று போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த வீட்டுக்காரர் சுவிசில். ஐயாவிடம் நம்பர் இருந்தது. வாட்ஸ்அப்பில் எடுத்து அனுமதி கேட்டோம். "தாராளமாச் செய்யுங்கோ பிள்ளையள்" என்றவர், வீடியோவைத் திருப்பச் சொல்லி வளவு முழுக்கப் பார்த்தார். "அந்த மூலைப் பூவரசு நிக்குதே?" நின்றது. பிறகு சத்தம் வரவில்லை. இணைப்புப் போய்விட்டது என்று நினைத்தோம். போகவில்லை, அவர் இருந்தார்.

ஜேர்மன் பொடியன் மெசின் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் இறைச்சு முடிப்போம் என்றான். ஐயா பதறிப்போனார். மெசின் போட்டு அடிமட்டம் வரை இழுத்தால் கீழே கிடக்கிற உவர் மேலே ஏறிவிடும், பிறகு அந்தக் கிணறு கிணறே இல்லை. "வாளியால காலமை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். கிணத்துக்கும் மூச்சு விட நேரம் குடுக்கோணும்." இதை மட்டும் நாங்கள் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தோம். அதனால்தான் அந்தக் கிணறு தப்பியது.

நாலு நாள். கயிறு, வாளி, சேறு, ஒரு பழைய சைக்கிள் றிம், இரண்டு செவ்விளநீர்க் கோம்பை, ஒரு சாரைப் பாம்பு. சோளகக் காத்து எல்லாருடைய தொப்பியையும் கொண்டுபோனது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் ஒடியல் கூழ் காய்ச்சிப் பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார்கள். ஜப்பான் பிள்ளை மூன்று பிளா குடிச்சாள். உறைப்பில் கண்ணால் தண்ணி ஓட ஓட இன்னும் நீட்டினாள். அவ்வளவு சந்தோசமாக நாங்கள் கம்பஸிலே ஒரு நாளும் இருந்ததில்லை. இதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததை மட்டும் சொன்னால் அது நேர்மை இல்லை.

ஒழுங்கைக் கடைசியில் இருந்த ஒரு ஆச்சி ஒவ்வொரு நாளும் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். பனங்கட்டியும் பிளேன்ரீயும் கொண்டுவந்து தருவார். உள்ளே வாங்கோ ஆச்சி என்றால், "இல்லை மோனை, இதில நிக்கிறன்." ஐயாவைவிட அவருக்கு வயது கூட. ஆனால் ஐயா அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். அவரைப் பற்றி எங்களிடம் கதைக்கும்போது 'அவ' என்று வரவில்லை, 'அவள்' என்று வந்தது. அவர் ஐயாவை 'ஐயா' என்றார். முதல் நாளே எங்கள் ஐந்து பேரின் காதிலும் இது விழுந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. இங்கிலிஷில் அவ, அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல் எல்லாவற்றையும் கழுவிவிட்டது.

சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டு, பொறுக்கவேண்டிய நாள் பொறுத்து, கடைசியில் தண்ணி எடுத்தோம். நெதர்லாந்துப் பொடியன் உப்பளக்கும் மீற்றரை விட்டுப் பார்த்தான். பிறகு குடிச்சும் பார்த்தான். இனிப்பு. ஐயா ஒரு செம்பு குடிச்சுப்போட்டுக் கிணத்துக்கட்டில் கையை வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நாலைந்து வீட்டார் குடத்தோடு வந்தார்கள்.

அடுத்த நாள் காலமை பவுசர் வந்தபோது ஆச்சி வழமைபோல இரண்டு கானோடு வெயிலில் நின்றார்.

போலந்துப் பிள்ளைக்கு விளங்கவில்லை. "நல்ல கிணறு ஐம்பது அடியில் இருக்கு, ஏன் இவர் இங்கே காத்திருக்கிறார்? கேளுங்கோ" என்றாள். கேட்டோம். ஆச்சி எங்களைப் பார்த்தார். நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள், எங்களுக்குத் தெரிந்திருக்கும், பிறகு ஏன் கேட்கினம் என்ற மாதிரி ஒரு பார்வை.

"அந்த வளவுக் கிணத்தில நாங்கள் அள்ளுறேல்ல, பிள்ளை."

"அவருக்குப் பவுசர் தண்ணிதான் பழகிப்போச்சாம்" என்று மொழிபெயர்த்தோம். எங்களில் யார் அதைச் சொன்னது என்று இங்கே எழுதப்போவதில்லை. சொன்ன வாய் ஒன்று. திருத்தாமல் நின்றது நாலு.

பொய்யின் விசித்திரம், அதுவும் வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்தப் பிள்ளைகள் ஒன்றைக் கேட்டால் அதற்கு வழி தேடுகிறவர்கள். பழக்கம் என்றால், வயதான ஆளுக்கு வாளி இழுக்கக் கஷ்டம் என்று அர்த்தம். ஆகவே வேலிக்கு வெளியே ஒரு பைப் வைத்துக் கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். தங்கட காசைச் சேர்த்தார்கள். வேலணைக்குப் போய்க் கைப்பம்பும் குழாயும் வாங்கினார்கள். நாங்களும் கூடப் போனோம், விலை பேசினோம், குழாயைத் தோளில் சுமந்து பஸ்ஸில் ஏற்றினோம். இரண்டு நாள் வேலை. இல்லாத வருத்தத்துக்கு மருந்து காய்ச்சுகிற வேலை. அது தெரிந்துகொண்டே சீமெந்து குழைத்தோம்.

பைப்பிலிருந்து தண்ணி வந்தது. ஆச்சி வந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நாள் பவுசருக்கு நின்றார்.

அதற்குப் பிறகு போலந்துப் பிள்ளை எங்களைக் கேட்கவில்லை. தன்ர போனை எடுத்துக்கொண்டு போய் ஆச்சிக்குப் பக்கத்தில் குந்தினாள். மொழிபெயர்க்கிற செயலி. யாழ்ப்பாணப் பேச்சு அதற்கு ஏறுவதே இல்லை. நாங்கள் எங்கட அம்மாவின் குரலைப் போட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஆச்சி போனைப் பார்த்து, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார்: "நாங்கள் அள்ளுறேல்ல. அவை ஊத்துவினம்."

செயலி அதை அப்படியே இங்கிலிஷில் போட்டது. நாங்கள் எடுப்பதில்லை, அவர்கள் ஊற்றுவார்கள். அவள் திரும்பி எங்களைப் பார்த்துக் கேட்டாள்: "அவர்கள் எண்டால் ஆர்?"

அன்றைக்குப் பின்னேரம் நாங்கள் பஸ்ஸை விட்டுவிட்டோம். பாலத்தடியில் இருந்துகொண்டு அவர்களுக்குச் சொன்னோம். ஒரு காலத்தில் குறித்த சாதிகளில் பிறந்தவர்கள் மற்றவர்களின் கிணற்றுக்கட்டில் ஏறக்கூடாது, குடத்தோடு தள்ளி நிற்கவேண்டும், ஆராவது மனம் வைத்து அள்ளி ஊற்றும் வரைக்கும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து இதெல்லாம் குற்றம் என்று சொன்னது. சட்டம் வந்த பிறகும் நடந்தது. இதே புங்குடுதீவில் பிறந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம், ஒடுக்கப்பட்ட மக்கள் கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் தாங்களே தண்ணி அள்ளும் உரிமைக்காக 1971இல் சத்தியாக்கிரகம் செய்தார். பொலிசாரிடம் அடிவாங்கினார், மறியலில் இருந்தார். 1973இல், நாற்பது வயதாக முதல், இறந்துபோனார்.

எங்களுக்கு இது படித்த பாடம். 'மெய்யுள்' பற்றிக் கட்டுரை எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறோம். அவருடைய தீவில், ஒரு கிணத்தடியில், பதினொரு நாளாக நின்றும் அந்தப் பெயரை நாங்கள் ஒருக்காலும் வாயால் சொல்லவில்லை. இலிச்சைச் சொன்னோம். மெக்சிக்கோவைச் சொன்னோம்.

ஏன் மறைத்தீர்கள் என்று ஜப்பான் பிள்ளை கேட்டாள். எங்கட சனத்தை வெளியாளுக்கு முன்னால் குறைச்சுக் காட்ட மனம் வரவில்லை என்றோம். யுத்தத்தைச் சொல்லலாம், இடம்பெயர்வைச் சொல்லலாம், கூரையில்லாத வீட்டைக் காட்டலாம். அதில் எங்களுக்குச் செய்தவர்கள் வேறு ஆக்கள். இதில் அப்படி இல்லையே. அவள் தலையாட்டிவிட்டு, தன்ர நாட்டிலும் புராக்குமின் என்று ஒரு சமூகம் இருக்கு, அதைப் பற்றி இங்கே வந்த ஒரு மாதத்தில் தானும் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

இலிச்சின் உரையை வகுப்பில் விவாதிச்சபோதெல்லாம் நாங்கள் எங்களை அந்த மெக்சிக்கோக் கிராமத்து ஆக்களின் பக்கத்தில்தான் இருத்திக்கொண்டோம். வருகிறவன் வெள்ளைக்காரன், ஆகவே நாங்கள் கிராமம். மடத்துவெளிக்கு வந்து இறங்கின பதினொரு பேரில் அந்த ஒழுங்கையை முன்பின் தெரிந்தவர் ஒருவருமில்லை. பாசை தெரிந்தது மட்டும்தான் எங்கட வித்தியாசம். அந்தப் பாசையை நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் மேலே எழுதியிருப்பது. இது மடத்துவெளியின் கதை மட்டும் என்று வாசிக்கவும் வேண்டாம். கொக்குவிலிலும் மானிப்பாயிலும் எங்கட வீடுகளில் மோட்டரும் தாங்கியும் வந்து கனகாலம். கிணத்தடிக்கு ஒருத்தரும் வருவதில்லை. ஆகவே ஆர் அள்ளினம், ஆர் அள்ளேல்லை என்பது எங்களுக்குத் தெரிவதில்லை. தெரியாததை இல்லை என்று நினைக்கிறோம்.

இந்த நாட்டில் மாணவர் தொண்டு என்றால் எல்லாரும் சொல்லும் பெயர் சர்வோதயம். அது 1958இல், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதில் தொடங்கியது. அது ரொடியா மக்களின் ஊர். சிங்களச் சமூகம் ஒதுக்கிவைத்த சாதி. அந்தப் பொடியள் அங்கே தங்கி, கிணறும் வெட்டினார்கள். அவர்கள் செய்ததில் எவ்வளவு நின்றது, எவ்வளவு நிற்கவில்லை என்பது வேறு விவாதம். ஆனால் எந்த ஊருக்கு, ஏன் போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் நாங்கள் ஐந்து பேரும் தனியாக ஆச்சியிடம் போனோம். மன்னிப்புக் கேட்கவா, விளக்கம் கேட்கவா என்று எங்களுக்கே தெளிவில்லை. இப்ப ஒருத்தரும் தடுக்க மாட்டினம், பைப் வெளியிலதான் இருக்கு, எடுக்கலாமே ஆச்சி, என்றோம். அவர் கானைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்தார்.

"எனக்குத் தெரியும் மோனை. ஐயாவும் எடு எண்டுதான் சொன்னவர். வேணும் எண்டு நிண்ட நாளில தரேல்லை. மழை பெய்யாத வருசம், கைப்பிள்ளையோட வெயிலுக்க நிண்டிருக்கிறன், மத்தியானம் மட்டும். இப்ப எனக்குப் பவுசர் வருது."

இதை நாங்கள் மொழிபெயர்த்தோம். ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. 'நிண்ட நாள்' என்பதற்குள் இருக்கும் நிற்றலை எந்தச் சொல்லாலும் கொண்டுபோக முடியவில்லை. கடைசியில் எங்களில் ஒருத்தி எழும்பி வெயிலுக்குள் போய் நின்று காட்டினாள்.

போலந்துப் பிள்ளை, வீட்டுக்காரரிடம் நேரே கேட்டால் என்ன என்றாள். கிணறு அவருடையது, இது எல்லாருக்கும் பொதுக் கிணறு என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் அதை ஒரு பலகையில் எழுதிப் போடலாமே. ஆச்சி எடுக்கிறதும் விடுகிறதும் ஆச்சியின் விருப்பம். ஆனால் ஆச்சியின் பேரப்பிள்ளை இருக்கிறாளே.

சுவிசுக்கு எடுத்தோம். அவர் நல்ல மனிசன். வேலையால் வந்து களைத்துப் போயிருந்தும் அரை மணித்தியாலம் கதைத்தார். தான் ஊரை விட்ட கதை, பூவரசில் ஊஞ்சல் கட்டின கதை. நாங்கள் விசயத்துக்கு வந்தபோது, "சீச்சீ, அந்தக் காலம் எல்லாம் போட்டுது பிள்ளையள். ஆரும் அள்ளட்டும், நான் ஏன் வேண்டாம் எண்டப் போறன்" என்றார். பலகையைச் சொன்னோம். கொஞ்சம் நிறுத்தினார். "எழுதிப் போடுறதெண்டால்... வளவு அக்காமாருக்கும் பங்கு. கேட்டுப்போட்டுச் சொல்றன்."

பரிமாற்றப் பிள்ளைகள் தங்கட நாடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது, இத்தனை மணித்தியாலம் என்று போட்டு. எங்களுக்கு ஒரு அறிக்கைப் படிவம். அதில் 'பயனடைந்த குடும்பங்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கு. ஆச்சியின் வீட்டைச் சேர்ப்பதா விடுவதா என்று கன்ரீனில் இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகவே கிடக்கு.

போன கிழமை சுவிசிலிருந்து ஒரு குரல் மெசேஜ் வந்தது. கிணறு இப்போது துப்புரவாக இருக்கிறதாம், சின்னப் பிள்ளையள் எட்டிப் பார்த்து விழுந்திட்டால் பாவமாம், ஒரு இரும்பு மூடி செய்ய எவ்வளவு முடியும் எண்டு விசாரிச்சுச் சொல்லட்டாம், காசு அனுப்புறாராம். வேலணையில் ஒரு ஒட்டுக்கடையில் விலை கேட்டோம். அவர் திருப்பி எங்களிடம் கேட்டது, "தம்பி, பூட்டு வைக்கிற மூடியோ, சும்மா மூடியோ?" என்று. அதை நாங்கள் இன்னும் சுவிசுக்குக் கேட்டு எழுதவில்லை.